செயலாளர் ஆண்டறிக்கை: இந்த வருஷம் முழுக்க துப்பாக்கி லாக்கு தான்

எல்லாருக்கும் வணக்கம். கணக்கு வழக்கை பொருளாளர் தனியா வாசிப்பார், போன கூட்டத்து மினிட்ஸ் குரூப்ல போட்டு ரொம்ப நாளாச்சு, படிக்காதவங்க இப்பவாச்சும் படிங்க.

புதுசா சேர்ந்தவங்களுக்காக ஒரு வார்த்தை. நம்ம லீஹை வேலி கும்பல் ஒண்ணு சேர்ந்ததே கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆரம்பிக்கிற ஃபிளின்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல்லு துப்பாக்கி) மான் வேட்டை சீசனுக்காக தான். பென்சில்வேனியாவுல 1974-லேருந்து நடக்குது, அந்த சீசன்ல கேப் (தட்டினா வெடிக்கிற சின்ன மூடி) வச்சு சுடுறதுக்கெல்லாம் இடமில்ல, சிக்கிமுக்கிக் கல்லு ஸ்டீல்ல உரசி வர்ற பொறி தான். அப்போ லாக், அதாவது கல்லை அடிச்சு பொறி கிளப்புற விசைப் பகுதி, சரியில்லன்னா மத்த எதுவும் சரியா இருந்து பிரயோஜனம் இல்ல, அதனால தான் இந்த வருஷத்து எல்லா மீட்டிங்கும் லாக் பக்கமே போச்சு, சில பேர் முணுமுணுத்தீங்க, தெரியும்.

வசந்த காலத்துல நாசரேத் பக்கம் ஜேக்கப்ஸ்பர்க்ல இருக்குற லாங்ரைஃபிள் மியூசியத்துக்கு போனோம். அங்க பழைய ரைஃபிள்களைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டிய விஷயம், அந்தக் காலத்து லான்காஸ்டர், பெர்க்ஸ் மாவட்டத்து துப்பாக்கி கைவினைஞர்கள் பல பேர் லாக்கை தாங்களே செய்யல, இங்கிலாந்துலேருந்தும் ஜெர்மனி பக்கத்துலேருந்தும் கப்பல்ல வந்ததை வாங்கி மாட்டியிருக்காங்க. "கடையில வாங்கின லாக்கா?"ன்னு மூஞ்சி சுளிக்கிற நம்ம ஆளுங்களுக்கு இது சமர்ப்பணம்.

எதை வாங்குறதுங்கறதுல தான் இந்த வருஷம் சண்டையே. என் கருத்து என்னன்னா முதல்ல துப்பாக்கி எந்தக் காலத்து ஸ்டைல்னு முடிவு பண்ணுங்க, அப்புறம் லாக், கடைசியா தான் கட்டை, அதாவது மர ஸ்டாக். 1770 வாக்குல இருந்த லான்காஸ்டர் ஸ்டைலுக்கு ஜெர்மானிய வடிவம், அதாவது சைலர்ங்கற லாக் மாடல் மாதிரி, பொருந்தும். அதுக்கும் முந்தின ஸ்டைல்னா உருண்ட முகத்து இங்கிலீஷ் லாக், 1790-க்கு அப்புறம்னா லேட் கெட்லண்ட்ங்கற மாடல். ஃபிரிஸ்ஸன்ல (கல்லு உரசுற ஸ்டீல் தகடு) ரோலர் வச்ச, தண்ணி நிக்காத பேன் (பொறி விழுற வெடிமருந்துக் கிண்ணம்) வச்ச லாக்கை 1760 ஸ்டைல் துப்பாக்கியில மாட்டினா சுடும், சுடாம என்ன, ஆனா தெரிஞ்சவன் பார்த்தா சிரிப்பான். கட்டையை முன்னாடியே வாங்கிட்டா இன்னொரு தலைவலி, ரெடியா செதுக்கின ஸ்டாக் எல்லாம் ஏதாவது ஒரு லாக்குக்கு தான் குடைஞ்சிருப்பாங்க, வேற லாக் அதுல உட்காராது. பேன் குழலோட ஒட்டி நிக்கணும், நடுவுல சந்து இருந்தா வெடிமருந்து அதுக்குள்ள தான் போகும்.

லாக்கை உதிரியா வர்ற கிட்டா வாங்குறதா, ரெடிமேடான்னு கேட்டா, முதல் துப்பாக்கிக்கு ரெடிமேட் வாங்குங்க. கிப்ளர்ங்கற கம்பெனி லாக் எல்லாம் ஸ்டீல் கட்டியிலேருந்து சி.என்.சி (கம்ப்யூட்டர் ஓட்டுற) மெஷின்ல வெட்டி எடுக்கிறது, அதனால ஃபிட்டிங் சுத்தமா இருக்கு. சேம்பர்ஸ் கம்பெனிக்காரங்க சைலர் லாக்கை பூட்டினதாவும் தர்றாங்க, உதிரியா கிட்டாவும் தர்றாங்க. கிட்டுல பார்ட்ஸ் எல்லாம் காஸ்டிங்கா வரும், துளை போட்டு, மரை எடுத்து, அரம் போட்டு, கடைசியில ஹார்டன் பண்றதும் நம்ம வேலை தான்.

வொர்க்‌ஷாப்ல நாம ரொம்ப நேரம் செலவழிச்சது ஃபிரிஸ்ஸன் மேல. பொறி வர்றது கல்லுலேருந்து இல்ல, கல்லு சீவி எடுக்கிற ஸ்டீல் துணுக்கு காத்துல எரியறது தான் பொறி, அதனால ஃபிரிஸ்ஸன் முகம் ஹை கார்பனா, நல்லா கெட்டியா இருக்கணும். ரீடிங் பக்கத்து தம்பி ஒருத்தர் எங்கேயோ பழசா வாங்கின லாக்கை கொண்டாந்தார், நாலு தடவை அடிச்சதும் முகத்துல உழுத மாதிரி கோடு, பொறியோ செக்கச்செவேல்னு ரெண்டு மூணு தான். அரத்தை வச்சு பார்த்தோம், அரம் வழுக்காம கடிச்சுது, அப்போவே தெரிஞ்சு போச்சு மெத்துனு. காந்தம் ஒட்டாத சூடு வந்ததுக்கு அப்புறமும் கொஞ்சம் ஏத்தி, 1475 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் நிறுத்தி, ஆயில்ல முக்கி, ஆறினதுமே அடுப்புல 375-ல வச்சு எடுத்தோம், வெளிர் வைக்கோல் கலர் வந்துச்சு. அப்புறம் முகத்தை தண்ணியில வச்சுக்கிட்டு ஸ்பிரிங்ல உரசுற கால் பகுதியை மட்டும் நீலம் வர்ற வரைக்கும் சூடு காட்டினோம், இல்லன்னா அங்க உடையும். மறுபடி மாட்டி அடிச்சதும் வெள்ளையா சிதறி பேனுக்குள்ளயே சத்தம் போட்டு விழுந்துச்சு, தம்பி முகத்தை நீங்க பார்த்திருக்கணும்.

ஹார்டன் பண்ணியும் பொறி வரலன்னா ஆங்கிளை பாருங்க. கல்லு ஃபிரிஸ்ஸன்ல மேலேருந்து மூணுல ஒரு பங்கு இறங்கின இடத்துல படணும், காக் (கல்லைப் பிடிச்சிருக்கிற சுத்தியல்) முழுசா இறங்கினதும் கல்லு நுனி பேனைப் பார்த்து நிக்கணும். ஃபிரிஸ்ஸன் ஸ்பிரிங் அதிக பலமா இருந்தா கல்லு சீக்கிரம் நொறுங்கும், ரொம்ப லூசா இருந்தா திறந்த ஃபிரிஸ்ஸன் திரும்பி வந்து கல்லு மேலேயே மோதும். செட் டிரிகர் (லேசா தொட்டாலே விடுற விசை) வைக்கிறவங்க டம்ப்ளர்ல (காக்கோட சேர்ந்து சுத்துற உள் பாகம்) ஃபிளைங்கற குட்டித் துண்டு இருக்கான்னு கேட்டு வாங்குங்க, அது இல்லன்னா சியர் (டம்ப்ளரைப் பிடிச்சு நிறுத்துற கொக்கி) ஹாஃப் காக், அதாவது பாதி ஏத்தின நிலைக்கான, வெட்டுல போய் மாட்டிக்கும். சியர் மூக்கை வீட்டுல உட்கார்ந்து கல்லுல தேய்ச்சு டிரிகரை லேசாக்குறேன்னு யாரும் இறங்காதீங்க, ஆங்கிள் கொஞ்சம் மாறினாலும் காக் தானா விழும், அப்படி விழுற லாக்கை ரேஞ்சுல அனுமதிக்கிறதில்லன்னு செயற்குழு ஏற்கனவே முடிவு பண்ணிடுச்சு.

இலையுதிர் காலத்து ரேஞ்ச் நாள் மழையில போச்சு, அதைப் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல. பேன்ல நாலு எஃப் (ரொம்ப நைசான) வெடிமருந்தை கோபுரமா குவிச்சவங்களுக்கு எல்லாம் லேட்டா தான் வெடிச்சுது, டச் ஹோலை (பேன்லேருந்து குழலுக்குள்ள நெருப்பு போற துளை) மூடாம அதுக்கு கீழ நிக்கிற அளவுக்கு போட்டாலே போதும்னு திரும்ப ஒரு தடவை சொல்லிக்கிறேன்.

இன்னைக்கு முடிவு பண்ண வேண்டியது ரெண்டு. இங்கிலீஷ் கறுப்புக் கல்லு மொத்தமா வாங்குறது, முக்கா இஞ்சு, முக்காலே அரைக்கால் இஞ்சு ரெண்டுலயும், வேணுங்கறவங்க சைஸை எழுதிக் கொடுங்க, லாக்கை அளந்து பார்த்துட்டு எழுதுங்க. இன்னொன்னு சின்ன ஹீட் ட்ரீட்மென்ட் ஓவன் வாங்கலாமாங்கறது, பொருளாளருக்கு இஷ்டமில்ல, எனக்கு இஷ்டம், ஓட்டெடுப்பு சாப்பாட்டுக்கு முன்னாடியே வச்சிடலாம், சாப்பிட்டா பாதி பேர் கிளம்பிடுவீங்க.