அந்த பத்து கோர் செட் பத்தி

மாப்ள,

உன் மெசேஜ போன வாரமே பாத்துட்டேன், பெரியவளுக்கு பப்ளிக் எக்ஸாம் ஓடிட்டு இருந்ததால ஒக்காந்து பதில் எழுத நேரமே கெடைக்கல. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டு மனசு நிறைஞ்சுது, சொட்டு மருந்த மட்டும் நேரம் தவறாம போட்டு விடு.

சரி, இன்டெல்லோட பத்து கோர் சிப்பு (உள்ளுக்குள்ள பத்து பிராசசர் சேந்து வேல செய்யும்) ஐ7-6950எக்ஸ், அதுக்கான எக்ஸ்99 மதர்போர்டு, 64 ஜிபி ராம் எல்லாம் சேத்து 38 ஆயிரத்துக்கு வருது, ஸ்டுடியோவுக்கு வாங்கலாமான்னு கேட்டிருந்த. வேணாம்டா. ஏன்னு சொல்றேன்.

அந்த சிப் 2016 மே மாசம் வந்தப்போ வெல 1723 டாலர், நாம ரெண்டு பேரும் அதோட போட்டோவ பாத்து ஏங்கிட்டு இருந்தோம்ல. ஆனா அன்னிக்கே அதுக்குள்ள இருந்தது பழைய கோர்தான். ஸ்கைலேக்ங்கற புது கோர் டிசைன் 2015 ஆகஸ்ட்லயே 6700கே சிப்புல வந்துருச்சு, இது அதுக்கு முந்தின பிராட்வெல், பேர்ல 6 இருக்கறதால நெறைய பேர் ஸ்கைலேக்னே நெனச்சுக்கறாங்க. அப்போ இன்டெல்ல அந்த பெரிய சிப்பெல்லாம் சர்வர் சிப்போட குடும்பம், அதனால கோர் டிசைன் ஒரு தலைமுறை பின்னாடியே வரும், 2013 ஜூன்ல ஹாஸ்வெல் டிசைன் வந்தாச்சு, செப்டம்பர்ல விட்ட பெரிய சிப்பு 4960எக்ஸ்ல அதுக்கு முந்தின ஐவி பிரிட்ஜ்தான். அப்ப குடுத்த காசெல்லாம் கோர் எண்ணிக்கைக்கும் ராமுக்கு நாலு பாதை குடுக்கற நாலு சேனல் மெமரிக்கும், கிராபிக்ஸ் கார்டு மாதிரி சாமான இணைக்கற 40 பிசிஐஇ லேனுக்கும்தான், ஒரு கோரோட வேகத்துக்கு இல்ல. 2017 மார்ச்ல ஏஎம்டியோட ரைசன் 7 1700 எட்டு கோரோட 329 டாலருக்கு வந்துச்சு, அதே வருஷம் இன்டெல்லே 7900எக்ஸ்னு பத்து கோர 999-க்கு வித்தாங்க. கோருக்கு இருந்த மவுசு அதோட எறங்கிருச்சு.

உன் வேலைய யோசிச்சு பாரு. கல்யாண வீடியோ, கேமரா எடுக்கறது ஹெச்.265ங்கற சுருக்கின வீடியோ, 10 பிட், 4:2:2 (கலர் தகவல எவ்ளோ வைக்குதுங்கற கணக்கு). அத எடிட்டிங் டைம்லைன்ல தடங்கல் இல்லாம ஓட்ட பத்து கோர் இருந்தா மட்டும் பத்தாது, அந்த சுருக்கத்த விரிக்கறதுக்குன்னே ஒரு டீகோடர் சிப்புக்குள்ள இருக்கணும். 6950எக்ஸ்ல உள்கிராபிக்ஸே கெடையாது, அதனால அதுக்குள்ள வர்ற இன்டெல் டீகோடர் குவிக் சிங்க்கும் இல்ல. உன்கிட்ட இருக்கற என்விடியா 3060 கிராபிக்ஸ் கார்டு 4:2:2-வ பாத்துக்காது, அது என்விடியால 50 சீரிஸ்லதான் வந்துச்சு. இன்டெல் உள்கிராபிக்ஸ்ல அது 11வது தலைமுறையிலயே வந்தாச்சு. இந்த ஒரு விஷயத்துக்காகவே உனக்கு ஆறு கோர் ஐ5-12400 போதும்னு சொல்றேன், 12400எஃப் வாங்கிராத, அதுல கிராபிக்ஸ் இருக்காது, கடைல ரெண்டாயிரம் கம்மின்னு அதத்தான் எடுத்து நீட்டுவாங்க.

நானே 2019ல ஒரு பழைய எட்டு கோர் செட் செகண்ட்ஹேண்ட்ல வாங்கினேன்ல, எக்ஸ்போர்ட் போட்டா நல்லாத்தான் ஓடும், ஆனா கட் பண்றப்போ ஒவ்வொரு தடவையும் பிளேஹெட் (டைம்லைன்ல ஓடற கோடு) நின்னு நின்னுதான் வரும், ராத்திரி ரெண்டு மணிக்கு கிளையண்ட்டுக்கு டெலிவரி இருக்கறப்போ அது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும். ஒன்றரை வருஷத்துல போர்டு போயிருச்சு, சிப்ப மாட்டற அந்த சாக்கெட்டுக்கு புது போர்டு கெடைக்கவே இல்ல, ரிச்சி ஸ்ட்ரீட் பூரா அலைஞ்சு இன்னொரு பழசத்தான் வாங்கினேன். இதுல 6950எக்ஸுக்கு விண்டோஸ் 11 சப்போர்ட் லிஸ்ட்லயும் எடம் இல்ல, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது. கரண்டும் பாரு, அது 140 வாட் சிப்பு, 12400 ஃபுல் டர்போல, அதாவது உச்ச வேகத்துல, ஓடினாலே 117தான்.

ஆனா பழைய கோர்னாலே வேஸ்ட்னு சொல்ல மாட்டேன். அக்கா பையனோட ஏஎம்4 போர்டுல (ஏஎம்டி சிப்புக்கான போர்டு) பயாஸ்ங்கற போர்டோட உள்மென்பொருள அப்டேட் பண்ணி 5700எக்ஸ்3டி சிப்பு போட்டு குடுத்தேன், ஜென் 3 கோர், 2020ல வந்த டிசைன், இருந்தாலும் சிப்புக்குள்ளயே 96 எம்பி கேஷ் மெமரி இருக்கறதால அவன் கேமெல்லாம் நல்லா போகுது, போர்டும் ராமும் மாத்தாம வேல முடிஞ்சுது. உன் தம்பி வீட்ல ஒரே கம்ப்யூட்டருக்குள்ள நாலஞ்சு விர்ச்சுவல் மெஷின் ஓட்டி படிக்கறான்ல, அவனுக்கு அந்த எக்ஸ்99 செட் சரியா இருக்கும், 64 ஜிபி ராம் இன்னிக்கு சும்மா கெடைக்காது, போர்டு போனா திரும்ப தேடணும்னு மட்டும் முன்னாடியே சொல்லிரு. அவனுக்கும் 38 ரொம்ப அதிகம், கொறச்சு கேளு.

நீ அட்வான்ஸ் எதுவும் குடுத்துராத. ஞாயித்துக்கெழம கோயம்புத்தூர் வா, போன கல்யாணத்து மெமரி கார்டுலருந்து பத்து நிமிஷ கிளிப் எடுத்துட்டு வா, எங்கிட்ட இப்ப இருக்கறது 12400தான், டைம்லைன்ல போட்டு நீயே ஓட்டிப் பாரு. மத்தியானம் சாப்பாடு இங்கதான், வீட்ல சொல்லியாச்சு.