நட்ட பிறகு யார் பார்ப்பது?

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அக்கா கோணேசர் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்வித்து, திருநீற்றை உனக்கு அனுப்பச் சொல்லித் தந்திருக்கிறா. இதோடு வைத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, வேறு புதினம் இல்லை.

நீ கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்ததை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். "நான் இருக்கிற மொன்றியலில்தான் உலகமே கூடி உயிர்ப்பல்வகைமையைக் காப்பாற்ற ஒப்பந்தம் போட்டது. அதனால் நிலாவெளிக் கடலில் ஒரு மீனாவது கூடியிருக்கிறதா?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

2022 டிசம்பரில் அங்கே 196 தரப்புகள் சார்ந்த மாநாடு 23 இலக்குகளை ஏற்றது. 2030க்குள் உலகின் நிலத்தில் 30 வீதத்தையும் கடலில் 30 வீதத்தையும் பாதுகாப்பதாகச் சொன்னது அதில் பேர்பெற்றது. உன் சந்தேகத்துக்கும் காரணம் இருக்கிறது. 2010இல் ஜப்பானில் இதேபோல 20 இலக்குகள் வைத்தார்கள். 2020இல் கணக்குப் பார்த்தபோது உலக அளவில் ஒன்றுகூட முழுதாக நிறைவேறவில்லை. இடையில் 2019இல் விஞ்ஞானிகள் கூடி வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ பத்து இலட்சம் உயிரினங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. காட்டையும் கடலையும் மாற்றி அழிப்பது, அளவுக்கு மீறிப் பிடிப்பது, காலநிலை மாற்றம், மாசு, வெளியிலிருந்து வந்து பரவும் உயிரினங்கள் என்று ஐந்து காரணங்களையும் அடுக்கியது. ஐந்தையும் நம்முடைய கடற்கரையில் நின்றபடியே காட்டலாம்.

2024 கணக்குப்படி உலகில் பாதுகாக்கப்பட்ட நிலம் 17.6 வீதம், கடல் 8.4 வீதம். 2030க்கு இனி அதிக காலம் இல்லை. ஆனால் அந்த 30 எட்டப்படாமல் போவதைவிட, வரைபடத்தில் மட்டும் எட்டப்பட்டுவிடுமோ என்பதுதான் என் பயம். கோடு கீறுவது சுலபம். கீறிய இடத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை எந்த வீதமும் சொல்லாது.

நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாமலைத் தீவை எடுத்துக்கொள். 1963இல் சரணாலயமாக்கினார்கள், 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். தீவையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 471 ஹெக்டேயர். ஆக, எந்தக் கணக்கிலும் அது "பாதுகாக்கப்பட்ட இடம்". செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்களை இன்றைக்கும் கரையோரத்திலேயே பார்க்கலாம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சீசனில் வந்து பார். நீந்தத் தெரியாதவர்கள் முருகைக்கல்லின் மேல் ஏறி நின்று மூச்சு வாங்குகிறார்கள். அது கல் இல்லை, உயிர் என்பதை வள்ளத்தில் ஏறும்போதே சொல்லிக்கொடுக்கிற படகோட்டிகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களோடு போகிறவர்கள் கால் ஊன்றுவதில்லை. பலகையில் எழுதியிருக்கிற சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதைக் கடலில் நடைமுறைக்குக் கொண்டுவருவது அந்தப் படகோட்டியின் வாய்தான். அவருக்கு இதற்காகப் பயிற்சியோ மேலதிகமாக ஒரு ரூபாயோ கிடைக்கிறதா என்று நான் கேட்டுப் பார்த்தேன். சிரித்தார்.

கடல் சூடாவது வேறு. சூட்டில் முருகைக்கல் நிறம் இழந்து வெளிறிப்போகும். 2024 ஏப்ரலில், உலகம் முழுவதும் பரவிய அப்படியான வெளிறல் நான்காவது தடவையாக நடக்கிறது என்று அறிவித்தார்கள். அதைப் படகோட்டியால் நிறுத்த முடியாது. அதற்கு உன் பக்கத்து நாடுகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

களப்போரச் சேற்றில் உப்புத் தண்ணீரில் வளர்கிற கண்டல் மரங்களின் கதையைத்தான் உனக்கு முக்கியமாக எழுத நினைத்தேன். சுனாமிக்குப் பிறகு இலங்கை முழுவதும் கண்டல் நட்டார்களே, ஞாபகம் இருக்கும். அந்த வேலை என்ன ஆனது என்று ஆராய்ச்சியாளர்கள் 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்து 2017இல் எழுதினார்கள். நட்டது 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். தேறியது 200 முதல் 220 வரைதான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தது மூன்றே இடங்களில்: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. எங்கே கன்றுகளை நட்ட பிறகும் ஆட்கள் வந்து பார்த்தார்களோ அங்கேதான் கன்று பிழைத்தது என்பதும் அந்த ஆய்வில் தெளிவாக இருக்கிறது. எனக்கு அந்த ஒரு வரி போதும்.

இங்கே நிலாவெளிக்கு வடக்கே ஒரு களப்போரத்திலும் இதே கதைதான். ஒரு நிறுவனம் வந்தது. பதாகை கட்டினார்கள், பாடசாலைப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள், முருங்கைக்காய் போல நீண்ட அந்த விதைகளை நேர்கோட்டில் சேற்றில் குத்தினார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். குத்திய இடம் நாள் முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கிற இடம். அடுத்த மாரிக்குள் பெரும்பகுதி போயிற்று. மிச்சத்தை ஆடு மேய்ந்தது. பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு முகம் வாடிப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. மரம் நட்டால் செத்துவிடும் என்று ஒரு பிள்ளை நினைக்கப் பழகிவிட்டால், பிறகு அதை மாற்றுவது எவ்வளவு கஷ்டம்!

அப்புறம் நடந்ததுதான் நல்ல செய்தி. அங்கே கரைவலைச் சம்மாட்டி ஒருவர் இருக்கிறார், வயது எழுபது தாண்டியவர். அவர் சொன்னார்: "இந்தப் பக்கம் முன்பு தண்ணீர் ஏறி இறங்கும் தம்பி. வீதி போட்டபோது வாய்க்கால் தூர்ந்துவிட்டது." ஊர் ஆட்களும் களப்பில் இறால் பிடிக்கிற பெண்களும் சேர்ந்து, அனுமதி எடுத்து, அந்த வாய்க்காலைத் தோண்டித் திறந்துவிட்டார்கள். கன்று ஒன்றும் வாங்கவில்லை. தண்ணீர் பழையபடி ஏறி இறங்கத் தொடங்கியதும் விதை தானாக மிதந்து வந்து, தனக்குப் பிடித்த இடத்தில் வேர் விட்டது. ஆடு போகாமல் வேலி கட்டினார்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் போய் வேரில் சுற்றிய பொலித்தீனையும் அறுந்து வந்த தங்கூசி வலைத் துண்டுகளையும் எடுக்கிறார்கள். நானும் போகிறேன். இறால் குஞ்சு கூடியிருக்கிறது என்று அந்தப் பெண்கள் சொல்கிறார்கள். எண்ணிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை, ஆனால் அவர்களின் பறி பொய் சொல்லாது.

இலங்கையின் கண்டல் மீட்பு வேலையை 2024இல் ஐக்கிய நாடுகள் உலகத்துக்கான முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாகத் தெரிவு செய்தது உனக்குத் தெரியுமா? பழைய தோல்வியிலிருந்து பாடம் படித்து, அறிவியல் வழியில் செய்கிறார்கள் என்பதுதான் காரணம். எனக்கு அதில் உண்மையாகவே பெருமை.

வேறு நாட்டிலும் இப்படித்தான். பிலிப்பைன்ஸில் அப்போ என்று ஒரு சின்னத் தீவு. 1982இல் பல்கலைக்கழக ஆட்கள் மீனவர்களோடு பல காலம் கதைத்துப் பேசி, பாறைத்திட்டின் ஒரு பகுதியில் மீன் பிடிப்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். காவல் காத்தது மீனவர்களே. வருஷங்கள் போக, தடை செய்த இடத்தில் பெருகிய மீன் வெளியிலும் வந்தது. பிறகு அந்த நாட்டில் இத்தகைய ஊர்க் காப்பகங்கள் பல உருவாக அது வழிகாட்டியாயிற்று. நம் கடலிலும் டைனமைட்டையும் சுருக்கு வலையையும் கண்டு அதிகம் கொதிப்பவர்கள் அதிகாரிகள் இல்லை, சின்ன வள்ளக்காரர்கள்தான். அவர்களைக் காவலாக்காமல் குற்றவாளியாகப் பார்க்கிற எந்தப் பாதுகாப்பும் இங்கே நிலைக்காது.

அப்படியானால் மொன்றியல் ஒப்பந்தம் வீணா? இல்லை மச்சான். சம்பூரை நினைத்துப் பார். கொட்டியாரக் குடாவின் கரையில் நிலக்கரி மின்நிலையம் வர இருந்தது. காணி இழந்த சனம் எதிர்த்தது, சூழல் ஆர்வலர்கள் வழக்குப் போட்டார்கள், 2016இல் அதைக் கட்டப்போவதில்லை என்று அரசே உயர் நீதிமன்றத்தில் சொன்னது. ஊர் சனம் எழுந்து நிற்கும்போது கையில் பிடிக்க ஒரு எழுத்து வேண்டும். மொன்றியல் வாசகத்தில் பழங்குடிகளின், உள்ளூர்ச் சமூகங்களின் உரிமைகளை மதித்தே அந்த 30 வீதத்தை அடைய வேண்டும் என்று இருக்கிறது. நாளைக்கு யாராவது நிலாவெளியில் மீனவனைத் துரத்திவிட்டுக் கோடு கீற வந்தால், நான் காட்டப்போவது அந்த வரியைத்தான். அந்த ஒப்பந்தத்தில் பணமும் பேசினார்கள்: பணக்கார நாடுகள் மற்ற நாடுகளுக்கு 2030க்குள் ஆண்டுக்கு 3,000 கோடி டொலர் கொடுக்க வேண்டும் என்று. அதில் ஒரு துளி, நடுவதற்கு இல்லாமல், நட்ட பிறகு ஐந்து வருஷம் பார்த்துக்கொள்வதற்கு என்று ஒதுக்கப்பட்டால் எவ்வளவோ நடக்கும்.

உன்னிடம் ஒரு வேலை கேட்கிறேன். அங்கே நம் ஊர்ச் சங்கம் வருஷா வருஷம் ஏதாவது திட்டத்துக்குக் காசு அனுப்புகிறது அல்லவா? இந்த முறை கன்று நடுகை என்று யாராவது முன்மொழிந்தால், மூன்றாம் வருஷம் யார் போய்ப் பார்ப்பார்கள், அவர்களுக்குக் கூலி இருக்கிறதா என்று எழுந்து கேள். பதில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதே. களப்புப் பிள்ளைகளுக்கு நீர்ச்சப்பாத்தும் கையுறையும் தேவை. அளவுகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

ஆவணியில் வருவதாக எழுதியிருந்தாய். சனிக்கிழமை ஒன்று விடாமல் வைத்துக்கொள், களப்புக்குக் கூட்டிப் போகிறேன். மனைவிக்கும் மகளுக்கும் என் அன்பைச் சொல்லு. குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுத மறக்காதே.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்