மூன்றாவது கணக்கு

தம்பி ஏட்ரிக்,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன்னை எனக்குப் பிடித்ததே இல்லை. 1980இல் ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடருக்குள் வந்தாய். டாக்டர் காலத்தில் பயணிக்கிற கலமான டார்டிஸுக்குள், யாரும் கூப்பிடாமல் ஒளிந்துகொண்டு வந்தவன் நீ. கணக்கில் புலி என்று உங்கள் அல்சேரியஸ் கிரகத்தில் கொடுத்த நட்சத்திர பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டே திரிவாய். எதற்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். நீ சாவதற்கு முந்தைய வாரக் கதையில்கூட, விருந்தில் எல்லோரும் ஆடிக்கொண்டிருக்க, நீ தட்டும் கையுமாக நின்றாய். ‘இவனை எப்போதடா இறக்கிவிடுவார்கள்’ என்று நான் முணுமுணுத்தது நிஜம்.

அப்புறம் ‘எர்த்ஷாக்’ வந்தது. 1982 மார்ச்சில் பிபிசி ஒளிபரப்பிய நாலு பாகக் கதை. நான் பார்த்தது பல வருடம் கழித்து, டிவிடியில். நீ சாகப்போகிறாய் என்று தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

ஆரம்பமே சண்டை. ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று டாக்டரிடம் அடம்பிடிக்கிறாய். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பீட்டர் டேவிசன் நடித்த டாக்டர் அப்பா மாதிரி இல்லை, கொஞ்சம் மூத்த அண்ணன் மாதிரி. அதனால் அந்தச் சண்டை வீட்டுக்குள் நடக்கிற சண்டை போலவே இருக்கும். போகும் வழியைக் கணக்குப் போட்டு முடித்த பிறகு, போக ஆசையில்லை என்கிறாய். போட முடியும் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் உனக்கு. இந்தக் குணத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அதே குணம்தான் உன்னைக் கொன்றது. 26ஆம் நூற்றாண்டின் பூமிமேல் ஒரு சரக்குக் கப்பலை மோதவிடப் பார்க்கிறார்கள் சைபர்மென் என்கிற இயந்திர மனிதர்கள். கப்பலைத் திருப்ப முடியாதபடி பூட்டு. அதைத் திறக்க மூன்று தர்க்கப் புதிர்கள். நீ உட்கார்ந்து அவிழ்க்கத் தொடங்கியதில் கப்பல் காலத்தில் பின்னோக்கி ஓடி, ஆறரைக் கோடி ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. தப்பிக்கும் கலத்தில் எல்லோரும் ஏறியாயிற்று. கதவு மூடுகிற கடைசி நொடியில் நீ வெளியே பாய்ந்தாய். ‘டேய், ஏறுடா!’ என்று நான் டிவியைப் பார்த்துக் கத்தினேன். வீட்டில் வேறு யாரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

இன்னும் ஒரு புதிர்தான் பாக்கி. சாகக் கிடந்த ஒரு சைபர்மேன் சுட்டதில் கருவி எரிந்துபோனது. நீ பயந்து அலறவில்லை. உன் முதல் கதையிலேயே செத்துப்போன அண்ணன் வார்ஷின் இடுப்புக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் போட்டது சரியா என்று இனிமேல் தெரியவே தெரியாது என்றாய். பரீட்சை முடியும் முன்பே விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டால் ஒரு பையன் எப்படிப் பார்ப்பானோ, அந்த முகம். உயிர் போகிறது என்பதைவிட விடை தெரியவில்லை என்பதுதான் உனக்குப் பெரிதாக இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது அந்த இடத்தில்தான், வெடித்த இடத்தில் இல்லை.

வழக்கமான இசை வரவில்லை. உடைந்த உன் பேட்ஜைக் காட்டி, சத்தமே இல்லாமல் பெயர்கள் ஓடின. அதன் விளிம்பில் இருந்த தங்கம் சைபர்மென்னுக்கு விஷம் என்பதால், தலைவன் மார்பில் டாக்டர் அதைத் தேய்த்து நொறுக்கியிருந்தார். நான் கேலி செய்த அதே பேட்ஜ்.

டாக்டரோடு பயணித்த ஆட்கள் உனக்கு முன்பும் செத்துப் போயிருக்கிறார்கள். 1965இல் கட்டரினா, அடுத்த சில வாரங்களில் சாரா கிங்டம். ஆனால் அவர்கள் வந்த சூட்டிலேயே போனவர்கள். எரிச்சலடையும் அளவுக்குக்கூட நமக்கு அவர்கள் பழகவில்லை. நீ பழகியிருந்தாய், அதுதான் வம்பு.

ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும். கப்பல் மோதியதில்தான் டைனோசர்கள் அழிந்தன என்கிறது கதை. விண்கல் மோதி அழிந்திருக்கலாம் என்று லூயிஸ் ஆல்வரெஸும் அவர் மகன் வால்டரும் சகாக்களோடு எழுதியது 1980இல். அந்தச் சூட்டோடு எழுதிய கதை இது. (இப்போது 6.6 கோடி ஆண்டு என்கிறார்கள், மெக்சிகோவில் பள்ளத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். உன் கப்பலை விட்டுவிட்டார்கள், போகட்டும்.) கதைப்படி பார்த்தால், மூன்றாவது புதிரையும் நீ சரியாகப் போட்டிருந்தால் கப்பல் திரும்பியிருக்கும், டைனோசர்கள் பிழைத்திருக்கும், நான் இந்தக் கடிதத்தை எழுத வாய்ப்பே இருந்திருக்காது. தம்பி, நீ தோற்றதில் பிழைத்தவன் நான். இதற்கு நன்றி சொல்வதா மன்னிப்புக் கேட்பதா என்று எனக்குப் புரியவில்லை.

டாக்டர்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அடுத்த கதையில், கூடப் பயணிக்கிற டீகனும் நிஸ்ஸாவும், திரும்பிப் போய் உன்னைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். முடியாது, சில விதிகளை டார்டிஸை வைத்துக்கொண்டும் மீற முடியாது என்கிறார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த மூச்சிலேயே மனசைத் தேற்றிக்கொள்ள 1851இன் லண்டன் பொருட்காட்சிக்குப் போகலாம் என்கிறாரே. பொருட்காட்சிக்கு!

இரண்டு வருடம் கழித்து, 1984இல், அவர் முறை வந்தது. டார்டிஸ் தரையில் சாகக் கிடந்து, வேறு உடலுக்கு உருமாறப் போகிறார். பழைய துணைகளின் முகங்கள் வந்து போகின்றன, உன் முகமும். அந்த டாக்டரின் வாயிலிருந்து வந்த கடைசி வார்த்தை உன் பெயர்தான். கேள்வி கேட்பது போல ஒருமுறை, “ஏட்ரிக்?”

இப்படிக்கு,
கடைசி வாரம்வரை உன்னைத் திட்டிக்கொண்டிருந்த ஒருவன்