தறியில்லாமல் நெய்த கச்சை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மூட்டுவலி குறைந்ததில் நிம்மதி. மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடு.

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நாங்கள் இருக்கும் டல்சாவிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் பாஹஸ்கா வரும். ஓசேஜ் பழங்குடி மக்களின் தலைநகர். 1938-ல் அவர்களே தொடங்கிய அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. போன மாதம் போயிருந்தேன். கம்பளி நூலில் பின்னிய இடைக்கச்சை ஒன்றின் முன்னால் நின்றவள் நகரவேயில்லை. சிவப்பிலும் கருநீலத்திலும் அம்பு முனைகள், ஓரமெல்லாம் நொய்யரிசி போல வெள்ளை மணிகள். மணிகளை மேலே வைத்துத் தைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை, நூலிலேயே கோத்து, பின்னப் பின்ன இடையில் உட்கார வைக்கிறார்கள்.

தறி கிடையாது. நூல்களை ஒரு குச்சியில் வரிசையாகக் கட்டிவிட்டால் மீதியெல்லாம் விரல் வேலை. நம் ஜடையைப் போலத்தான், ஆனால் மூன்று கால் இல்லை. அகலமான கச்சைக்கு நூறு நூலுக்கு மேல் வேண்டும். நீளவாட்டில் பாவு, குறுக்கே ஊடை என்று தனித்தனி நூலும் இல்லை. ஓரத்து நூல் மற்றவற்றுக்கு மேலும் கீழுமாக நுழைந்து போகும்வரை அது ஊடை. மறு ஓரம் சேர்ந்ததும் திரும்பித் தொங்கிப் பாவாகிவிடும். அடுத்த நூல் கிளம்பும். இது எனக்கு எவ்வளவு பிடித்துப்போனது தெரியுமா!

முன்பு காட்டெருமை முடியிலும் செடி நாரிலும் பின்னினார்களாம். வியாபாரிகள் கம்பளி கொண்டுவந்தபின், போர்வையைப் பிரித்து நூலெடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து நாற்காலி முதுகில் பன்னிரண்டு நூல் கட்டி உட்கார்ந்தேன். ஒற்றைப்படை நூல்களை மேலே தூக்கிப் பிடித்திருக்கும்போது வாசல் மணி அடித்தது. கையை எடுத்தேன், அவ்வளவுதான், வரிசை போய்விட்டது. பிரித்து மறுபடி. இரண்டு மாலையில் நான்கு விரற்கடைதான் வந்தது.

ஜூன் மாதம் கிரே ஹார்ஸ், ஹாமினி, பாஹஸ்கா மூன்று ஊரிலும் இன்-லோன்-ஷ்கா நடனம் நடக்கும். இந்தக் கச்சைகளைக் கட்டிக்கொண்டுதான் ஆடுவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் கிடந்த அந்தக் கச்சையின் குஞ்சங்கள் முரசுக்கு ஆடுவதைப் பார்க்க வேண்டும் எனக்கு. இந்த வருடம் கண்டிப்பாகப் போகிறேன்.

சரி, பின்னிய துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். முனையை அவிழ்த்துவிடாதே. நீலநூல் ஒன்றை மட்டும் கண்ணால் தொடர்ந்து போய்ப் பார், எங்கே திரும்புகிறதென்று தெரியும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி