கல்யாணத்துக்கு வராததைப் பற்றி அப்பாவுக்கு

டனீடன், நியூசிலாந்து
13.12.2020

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, அப்பாயி, தம்பி, தங்கை எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

தம்பி உங்கள் கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். மூன்றாம் பக்கத்தின் ஓரத்தை அவனுடைய கட்டைவிரல் மறைத்துவிட்டதால் மாப்பிள்ளை வீட்டார் கேட்டது பாதிதான் புரிந்தது, மீதியை ஊகித்துக்கொண்டேன். தையில் தங்கைக்குக் கல்யாணம் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் "அக்கா இல்லாமல் ஒரு மணவறையா" என்று நீங்கள் எழுதியிருப்பதற்கும், "இ-பாஸ் கிடைக்கிறது, கொரோனா டெஸ்ட் எடுத்துக்கொண்டு வரவேண்டியதுதானே" என்று அத்தை சொல்லியனுப்பியிருப்பதற்கும் போனில் பதில் சொல்ல இயலாது. அம்மா அழத் தொடங்கினால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஆகவே எழுதுகிறேன்: தையில் நான் வரப்போவதில்லை.

காரணத்தைச் சொல்வதற்குமுன் நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில். சாப்பாட்டுக்குக் குறையில்லை. அரிசியும் பருப்பும் இந்தியக் கடையில் கிடைக்கின்றன. இஞ்சி மட்டும் விலை அதிகம் என்பதால் டீயில் போடுவதை விட்டுவிட்டேன், அதுவும் பழகிவிட்டது. அறை மாறியிருக்கிறேன். முன்பிருந்ததைவிடச் சிறியது, பெருக்கித் துடைக்க எளிது. இரவு வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். இரவில் முதியோர் இல்லம் அமைதியாக இருக்கும். சமீபமாகப் பணம் குறைவாக வருவதாக அம்மா கேட்டாராமே, அதில் கவலைப்பட ஒன்றுமில்லை, வங்கிக் கணக்கில் ஒரு சிறு மாற்றம், அவ்வளவுதான். இப்போது இங்கே கோடைக்காலம், இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கிறது; ஆனாலும் தெற்கிலிருந்து காற்று வீசினால் ஸ்வெட்டர் வேண்டும். ஊரே மேடும் பள்ளமும்தான். உலகத்திலேயே மிகச் செங்குத்தான தெரு என்று சொல்லப்படும் பால்ட்வின் தெரு இந்த ஊரில்தான் இருக்கிறது. நம் தோட்டத்து லயன் வீடுகளுக்கு ஏறி வருகிற பாதையைப் பார்த்தவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஊட்டிப் பக்கம் சாலையோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் முள்புதர் இங்கேயும் மலை மலையாகப் படர்ந்து கிடக்கிறது. இரண்டு இடத்துக்கும் அதைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள்தான். இரண்டு இடத்திலும் இப்போது அதை ஒழிக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றித் தங்கை கேட்டிருந்தாள். மார்ச் கடைசியில், இந்தியா ஊரடங்கிய அதே நாளில் இந்த நாடும் அடங்கியபோது, குழந்தைகள் நடந்து போகையில் பார்த்து மகிழட்டும் என்று ஜன்னல்தோறும் கரடி பொம்மை வைத்தார்கள். எல்லோரும் எடுத்துவிட்டார்கள், அவர் மட்டும் இன்னும் எடுக்கவில்லை. யார் எங்கே போனோம் என்று குறித்துக்கொள்ள அரசு ஒரு செயலி கொடுத்திருக்கிறது. அவரிடம் அதற்கேற்ற போன் இல்லாததால் நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் எழுதுகிறார்: தேதி, நேரம், இடம், எதிரே நின்றவர். சென்ற வாரம் வேலிக்கு மேலாக எலுமிச்சம்பழம் கொடுத்தார், உடனே சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, "5.40, வேலி, இந்தியப் பெண், இரண்டு நிமிடம்" என்று எழுதி, சரிதானா என்று என்னிடமே காட்டினார். அவருடைய ஒரே தங்கை ஆஸ்திரேலியாவில் படுத்த படுக்கையாக இருக்கிறார். போகவில்லை. கேட்டால் நோட்டை மூடிவிட்டு வானிலையைப் பற்றிப் பேசுகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இங்கே வசிப்புரிமை இருப்பதால், போனால் திரும்பி வரமுடியாது என்பதில்லை. வெளிநாட்டிலிருப்பவர்களை அழைத்துவர இந்திய அரசு விடும் வந்தே பாரத் விமானத்தில் ஆக்லாந்திலிருந்து டெல்லிக்கும், அங்கிருந்து கோயம்புத்தூருக்கும் வந்துவிடலாம். திரும்பும்போது அரசு ஒதுக்கும் ஓட்டலில் 14 நாள் இருக்கவேண்டும், என்னைப் போல் சில வாரம் போய்வருகிறவர்கள் அதற்கு 3,100 டாலர் கட்டவேண்டும். நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அது ஒரு தடையே இல்லை, அப்பா, தயவுசெய்து அப்படி நினைத்துக்கொண்டு யாரிடமும் கைமாற்று கேட்டுவிடாதீர்கள். அரசு விடுகிறதா என்பதற்கும் நான் வரலாமா என்பதற்கும் ஒரே பதில் இல்லை என்பதைத்தான் நான் இவ்வளவு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வயது இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது. நோய் வந்தாலும் பெரும்பாலும் தேறிவிடுவேன். அந்தத் துணிச்சலில் நான் புறப்பட்டால், என் துணிச்சலுக்கு விலை கொடுக்கப்போவது நானல்ல, பயணமே செய்யாத அப்பாயிதான். அத்தை சொல்லும் டெஸ்ட், பஞ்சுக் குச்சியை மூக்கில் விட்ட அந்த நேரத்துக்கு மட்டுமே சாட்சி. தொற்றிய பிறகு அறிகுறி தெரிய 14 நாள் வரை ஆகலாம். தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பிறருக்குப் பரவத் தொடங்கும். சிலருக்கு அறிகுறியே வராது. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு டெல்லி விமான நிலையத்தில் நோயை வாங்கிக்கொண்டு வந்தால், மலையேறும் வழியில் குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் யாருக்குத் தெரியும்? வீட்டுத் தனிமை என்கிறார்கள். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, வரிசைக்கே பொதுவான குழாய் என்று இருக்கும் நம் லயனில் எந்தச் சுவருக்குப் பின்னால் நான் தனித்திருப்பது?

அயலாரைவிட உறவுக்காரர்கள்தான் இதில் அதிக ஆபத்து என்று எனக்குத் தோன்றுகிறது. டாக்ஸியின் பின் சீட்டில் உட்காரும் சுற்றுலாப் பயணியிடம் நாம் முகக்கவசம் போட்டுக்கொண்டு பேசுகிறோம், கண்ணாடியை இறக்கிவிடுகிறோம். நான் வந்து இறங்கினால் அம்மா முகக்கவசத்தோடா என்னைக் கட்டிப்பிடிப்பார்? அப்பாயி என் கன்னத்தை வழித்து நெட்டி முறிக்காமல் இருப்பாரா? ஜூன், ஜூலையில் நம் மாவட்டத்தில் நோய் ஏறியபோது கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போய்வந்தவர்கள் மூலம்தான் நிறையப் பரவியது என்று தம்பியே சொன்னான். அன்பு உள்ள இடத்தில்தான் எச்சரிக்கை முதலில் கழன்று விழுகிறது.

என்னோடு வேலை செய்யும் சமோவா அக்காவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், தேங்காய்ப்பாலில் கீரை சமைத்துக் கொண்டுவருவாரே, அவர்தான். அவருடைய தீவு 1918இல் நியூசிலாந்தின் நிர்வாகத்தில் இருந்தது. ஆக்லாந்திலிருந்து போன டாலூன் என்ற கப்பலில் இன்ஃப்ளுயன்சா காய்ச்சல்காரர்கள் இருந்தும், அந்த ஆண்டு நவம்பரில் தடுத்து நிறுத்தாமல் ஆப்பியா துறைமுகத்தில் இறங்கவிட்டார்கள். இரண்டே மாதத்தில் ஜனத்தில் ஐந்தில் ஒரு பங்கு மாண்டுபோனது. பக்கத்திலேயே அமெரிக்கர்கள் ஆண்ட சமோவாவில் ஆளுநர் கப்பல்களைத் தடுத்துவைத்தார். அங்கே ஒருவரும் சாகவில்லை. சென்ற வருடமும் நியூசிலாந்திலிருந்து போன தட்டம்மையால் அதே தீவில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அதைச் சொல்லும்போது அக்கா யாரையும் திட்டவில்லை. அந்தக் கப்பலில் வந்தவர்களும் வீட்டுக்கு வந்தவர்கள்தானே என்று மட்டும் சொன்னார்.

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரைப் பற்றி அப்பாயி சொல்வது நினைவிருக்கிறதா? இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளை அங்கே முகாமில் அடைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் கப்பலேற்றுவார்கள். சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரிலிருந்து திரும்பி வந்த அப்பாயிக்கும் அதே மண்டபம்தான் முதல் வாசல். "எங்களைத்தான் நிறுத்தினான், துரையை எவன் நிறுத்தினான்" என்பார். இந்த வருடமும் அப்படித்தான் ஆனது. நோய் வந்தது விமான டிக்கெட் வாங்கியவர்களோடு. பஸ்ஸும் ரயிலும் இல்லாமல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் நடந்தவர்கள் வேறு ஆட்கள். டிக்கெட் வாங்கும் இடத்துக்கு நம் குடும்பத்திலிருந்து முதல் ஆளாக நான் வந்திருக்கிறேன் என்றால், துரை செய்ததையே நானும் செய்ய வேண்டுமா?

டாக்ஸி ஓட்டும் சித்தப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டினால் கோபம் வரும். "அவளுக்கென்ன, மாதச் சம்பளம், கதவைச் சாத்து என்று அங்கிருந்து சொல்லலாம்" என்று அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மே மாதப் பூக்காட்சி இல்லை, சீசன் இல்லை, காருக்கு வாங்கிய கடனுக்குத் தவணைச் சலுகையும் ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. இங்கே ஊரை அடைத்தபோது வேலைக்குப் போகாதவர்களின் சம்பளத்துக்காக வாரம் 585 டாலர் முதலாளிகள் மூலம் அரசு கொடுத்தது. அடைப்பதைப் பொறுத்துக்கொள்ள அது போதுமாயிருந்தது. ஊட்டி டாக்ஸிக்காரருக்கு அப்படி யார் கொடுத்தார்கள்? ஆகவே பயணிகள் வரவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் வருவதில் சித்தப்பாவின் அடுப்பு எரிகிறது. நான் வருவதில் யாருடைய அடுப்பும் எரியப்போவதில்லை.

"நல்லதுக்கு வராதவள் கெட்டதுக்கு மட்டும் வருவாயா" என்று கேட்டிருக்கிறீர்கள். வருவேன். கல்யாணத்தைப் போனில் பார்க்கலாம். கண் மூடுகிறவரின் கையைப் போனில் பிடிக்க முடியாது. ஆனால் அப்போதும் கோத்தகிரி பஜாரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்து, அதன் பிறகுதான் லயனுக்கு ஏறுவேன். ஜூனில் இங்கே நடந்தது ஒரு பாடம். இங்கிலாந்திலிருந்து வந்த இரண்டு பெண்களை, பெற்றோரில் சாகக் கிடந்த ஒருவரைப் பார்ப்பதற்காகத் தனிமைக் காலம் முடியுமுன்பே, டெஸ்ட் கூட எடுக்காமல் வெளியே விட்டார்கள். ஆக்லாந்திலிருந்து வெலிங்டனுக்குக் காரில் போனார்கள், இருவருக்கும் தொற்று. 24 நாள் புதிய நோயாளியே இல்லாமல் இருந்த நாடு கொதித்துப்போனது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை, அனுமதி கேட்டார்கள், கொடுத்தார்கள். ஆனால் அதன் பிறகு அந்தச் சலுகையையே அரசு நிறுத்திவைத்ததால், அதே நிலையில் காத்திருந்த எத்தனையோ பேரால் தங்கள் வீட்டுச் சாவுக்குப் போக முடியாமல் போயிற்று. எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டியின் மகன் பல வாரம் ஜன்னலுக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுப் போனார். உள்ளே வந்து போகும் நான் பாட்டியின் தலையை வாரிவிடுவேன், அவர் கண்ணாடி வழியே பார்ப்பார். அவருக்கு முன்னால் நின்று பழகிவிட்டு, என் வீட்டுக்கு மட்டும் வேறு நியாயம் வைத்துக்கொள்ள முடியவில்லை.

இந்நேரம் கீழ்ப் பள்ளத்துச் செடிகளின் மேல் உறைபனி படிந்திருக்கும். விடிகாலையில் நீங்கள் மங்கி குல்லாவைப் போட்டுக்கொண்டு தணல் சட்டியைத் திண்ணைக்கு எடுத்து வருவதும், அம்மா வர்க்கியை டீயில் நனைத்து அப்பாயிக்கு ஊட்டுவதும் கண்ணிலேயே நிற்கிறது. இரவு வேலை முடிந்து வந்து படுத்தால் வெயில் முகத்தில் அடிக்கிறது, தூக்கம் வருவதில்லை. எனக்கு அங்கே வரவேண்டும், அப்பா. இதைவிட அதிகமாக எழுதினால் இந்தக் கடிதத்தை நான் அனுப்பமாட்டேன்.

கல்யாண வேலைக்கு வருகிறேன். மண்டபம் வேண்டாம், மாரியம்மன் கோயில் வாசலில் வெட்ட வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை ஒரே பந்தியாக நெருக்கி உட்காரவைக்காமல், வரவர இலை போடச் சொல்லுங்கள். திருப்பூரிலிருந்து பெரியப்பா வீட்டார் வேன் பிடித்து வருவதாக இருக்கிறார்கள் என்று தம்பி சொன்னான். அவர்களிடம் நீங்களே பேசுங்கள், இரண்டு பேர் மட்டும் வரட்டும், வருத்தப்பட்டால் நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள், என் மேல் கோபப்படட்டும். அப்பாயியை மணவறைப் பக்கம் உட்காரவைக்காமல் தனி நாற்காலி போட்டு, ஆசீர்வாதம் வாங்குபவர்கள் காலைத் தொடாமல் தள்ளி நின்று கும்பிடும்படி தம்பியை அருகிலேயே நிறுத்துங்கள். பீரோவில் இருக்கும் என் வளையல் ஜோடியைத் தங்கைக்கே போட்டுவிடுங்கள். எனக்கு வேலையில் கையில் எதுவும் போட அனுமதியில்லை, சும்மா கிடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கேட்பது பைக்தான் என்றால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசி, சித்திரை வரை தவணை கேளுங்கள், அதற்குள் நான் ஏதாவது செய்கிறேன். சித்தப்பாவின் காரையே மாப்பிள்ளை அழைப்புக்கு வைத்துக்கொண்டு, வெளி ஆளுக்குக் கொடுக்கும் வாடகையை அவருக்கே கொடுங்கள். வேண்டாம் என்பார், சித்தி கையில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்