வேலூர் ராமபத்ரனும் பக்கவாத்தியத்தின் பெருமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் வட்டாரத்துக்குப் பெருமை சேர்த்தவர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். கோட்டையும் 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியும் மருத்துவப் பணியும் அதில் உரிய இடம் பெற்றிருந்தன. ஆனால் இந்த ஊரின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் வாழ்நாள் முழுவதும் தாங்கியிருந்த மிருதங்க வித்துவான் வேலூர் ஜி. ராமபத்ரனைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவரைப் பற்றிச் சிலவற்றைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ராமபத்ரன் 1929இல் வேலூரில் பிறந்தார். அவருடைய தந்தை கோபாலாச்சாரியார் கொன்னக்கோலில் தேர்ந்தவர், குருவும் அவரே. தாளச் சொற்களை வாயால் சொல்லிக் கணக்கை நிலைநிறுத்தும் கொன்னக்கோல் ஒலித்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, கை வாத்தியத்தில் படுமுன்பே லயம் காதில் ஊறியிருக்கும் என்றே நான் நம்புகிறேன். பின்னர்ச் சென்னையில் நிலைகொண்ட அவர், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், செம்மங்குடி சீனிவாச ஐயர், மதுரை மணி ஐயர், ஜி.என்.பாலசுப்பிரமணியம் எனப் பெரியவர்களின் வரிசைக்கும், அடுத்த தலைமுறையில் டி.கே.ஜெயராமன், குழல் மேதை என்.ரமணி ஆகியோருக்கும் வாசித்தார். 2004இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. 2012 பிப்ரவரியில் காலமானார்.

பாடகர்களின் பெயர்களை மீண்டும் ஒருமுறை பார்த்தால் அவருடைய திறமையின் தன்மை விளங்கும். அரியக்குடியின் மத்தியம கால (நடுத்தர வேக) ஓட்டம் ஒரு வகை, மணி ஐயரின் சுரப் பொழிவு இன்னொரு வகை, ஜி.என்.பி.யின் பிருகா (சுரங்களை விரைந்து சுழற்றும்) வேகம் முற்றிலும் வேறு. இவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் நடையிலேயே துணை செய்ய வேண்டுமானால், வாசிப்பவர் தம் வித்தையைக் காட்டும் ஆசையை அடக்கிக்கொண்டு பாட்டின் உள்ளே இறங்க வேண்டும். ராமபத்ரன் பெயர் பெற்றது இந்தச் சர்வலகு வாசிப்பில்தான். கடினமான கோர்வைகளை (தாளக் கணக்குக் கோவைகளை) அடுக்கிப் பாடகரையும் ரசிகரையும் திணறடிக்காமல், தாளத்தின் இயல்பான நடையிலேயே சொற்களை ஓடவிட்டு, பல்லவியின் சங்கதி வளர வளரத் தாமும் வளர்ந்து, சாகித்தியத்தின் அடி நின்று ஓயும் அருதி வரும் இடத்தில் அதற்கு ஏற்றபடி முடித்து, அனுபல்லவியில் குரல் மேல்ஸ்தாயிக்குப் போகும்போது நாதத்தைத் தணித்து வழிவிடும் வாசிப்பு அது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த நாதம் பாட்டுக்குக் கீழே விரித்த பாய் போல இருக்க வேண்டும். பாடுபவர் அதன்மேல் நிம்மதியாக அமர வேண்டும்.

சர்வலகு எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. சவுக்க காலத்தில், அதாவது மெதுவான நடையில், அமைந்த கிருதி ஒன்றுக்கு வாசிக்கச் சொன்னால் அந்த எண்ணம் மாறிவிடும். ஒவ்வோர் எண்ணிக்கையும் இரட்டிப்பாக நீளும் இரண்டு களைத் தாளத்தில் ஓர் அட்சரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள வெளியைச் சொற்களால் அடைத்துவிடவும் கூடாது, வெறுமையாக விட்டு லயம் தொங்கவும் கூடாது. காலப்பிரமாணம் (பாட்டின் வேக அளவு) இம்மியும் நகராமல் அந்த வெளியைக் காப்பதற்குப் பல ஆண்டுச் சாதகம் வேண்டும். குழலுக்கும் வீணைக்கும் வாசிப்பது இன்னும் நுட்பமானது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் சற்று அழுத்தினாலும் அந்த வாத்தியத்தின் நாதம் மறைந்துவிடும். ராமபத்ரனின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்பவர்களை, தாளவாத்தியம் மட்டும் தனியே ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குக் காத்திருக்காமல், ஒரு கிருதியின் தொடக்கத்திலிருந்து மிருதங்கத்தை மட்டும் பின்தொடர்ந்து கேட்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இத்தகைய கலைஞர்களுக்கு நாம் தரும் மதிப்பு போதாது என்பதே என் மனக்குறை. சங்கீத கலாநிதிப் பட்டம் 1942 முதல் வழங்கப்பட்டு வந்தபோதிலும், பாலக்காடு மணி ஐயர் வழியாக 1966இல்தான் அது மிருதங்கத்தை அடைந்தது. கச்சேரி விமரிசனங்களில் பாடகருக்கு ஐந்து பத்திகளும் மிருதங்கத்துக்கு ‘பக்கபலமாக அமைந்தது’ என்ற ஒரு வரியும் ஒதுக்கப்படுவது இன்றும் மாறவில்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காப்பி குடிக்கப் போகும் ரசிகர்களும், அதே வேளையில், மிருதங்கத்தின் பெருமை தனி ஆவர்த்தனத்தில் மட்டுமே இருப்பதாக எண்ணிக் கைதட்டக் காத்திருக்கும் ரசிகர்களும் இந்த நிலைக்குச் சமமான பொறுப்பாளிகள். ஒரு கச்சேரி இரண்டரை மணி நேரம் என்றால், மிருதங்கக்காரர் அதில் பெரும்பகுதி நேரம் பிறருக்காகவே வாசிக்கிறார். அந்த நேரத்தை வைத்து அவரை எடைபோடுவதே நியாயம்.

வட ஆர்க்காட்டு மண்ணுக்குச் சங்கீதத்தில் பழைய உரிமை உண்டு. தியாகராஜரின் நேர்ச் சீடரான வாலாஜாப்பேட்டை வேங்கடரமண பாகவதரும் அவருடைய வழியினரும் காத்த சுவடிகள் இல்லாவிடில் அந்த மகானின் கிருதிகளில் எத்தனையோ நமக்கு எட்டாமலே போயிருக்கும். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இங்கு விரிக்கவில்லை.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. வேலூர் ராமபத்ரனைப் பற்றி, அவருடன் மேடையில் அமர்ந்தவர்களையும் அவரிடம் பயின்றவர்களையும் நேரில் கண்டு, ஒரு முழுநீளக் கட்டுரை வெளியிடுங்கள். அவரை நேரில் கேட்டவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வதை இனியும் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த மார்கழி இசை விழாவில் தங்கள் விமரிசகர்கள் மிருதங்கத்தைப் பற்றி எழுதும்போது, எந்தப் பாட்டில், எந்த இடத்தில், வாசிப்பு எப்படிப் பாட்டைத் தாங்கியது என்று குறைந்தது ஒரு பத்தியாவது எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் மிருதங்கம் கற்கும் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.