விறாந்தையில் 4294967297

அன்புள்ள அக்கா,

அம்மாவின் ஆண்டுத் திவசம் முடிந்தது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை மாமி சொல்லியிருப்பா. நான் எழுதுவது வேறு விஷயம். ஆரையம்பதி வீட்டு விறாந்தையில் கணித வகுப்புத் தொடங்கப் போகிறேன், காசு வாங்காமல். வீடு உங்களுக்குச் சீதனமாக எழுதியது. கேட்காமல் செய்வதற்கு மன்னியுங்கள். ஆனால் கேட்டால் எப்போது பதில் வரும்? பூட்டிய வீட்டில் கறையான்தான் குடியிருக்கும்.

முதல் பாடம் 4294967297.

கரண்ட் இல்லாத இரவு, லாம்பு வெளிச்சத்தில் கலண்டர் தாளின் பின்பக்கம் அதை எழுதினீர்கள். இரண்டின் 32ஆம் அடுக்கோடு ஒன்று. இரண்டின் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு ஒன்று கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் முதன்மை எண்கள், ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுபவை. ஃபெர்மா எண்கள் என்ற அதே வரிசையில் அடுத்தது இது. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று 1640இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா கடிதத்தில் எழுதினார். "பெரிய ஆள் சொன்னா என்ன, நீ வகுத்துப் பார்" என்றீர்கள்.

எதனால் வகுப்பது? பின்னால் வந்த கணிதர் ஒய்லர் வழி காட்டியிருந்தார்: இதை வகுக்கும் முதன்மை எண் எதுவானாலும் 64இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகவே இருக்கும். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577. நான்கிலும் மீதி வந்தது. அழுகை வரும்போல இருந்தது, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தது 641. மீதி பூச்சியம், ஈவு 6700417. நான் போட்ட சத்தத்தில் அம்மா எழும்பி வந்தா.

அதன் பிறகுதான் குறுக்கு வழியைக் காட்டினீர்கள். 640 என்பது 641க்கு ஒன்று குறைவு. அதனால் 640இன் நான்காம் அடுக்கை 641ஆல் வகுத்தால் மீதி 1. அந்த நான்காம் அடுக்கு, 625ஐ இரண்டின் 28ஆம் அடுக்கால் பெருக்கியது. 625ஓ 641க்கு 16 குறைவு. 625 இருந்த இடத்தில் சய 16ஐ (-16) போட்டால், சய இரண்டின் 32ஆம் அடுக்குக்கும் மீதி 1. அப்படியென்றால் இரண்டின் 32ஆம் அடுக்குக்கு மீதி சய 1, அதோடு ஒன்றைக் கூட்டினால் மீதியே இல்லை. வகுத்தலே வேண்டாம்! அதை எழுதிய உங்கள் கையெழுத்து இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதே கையால்தான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்தீர்கள். ஏன் என்று இங்கே எழுத மாட்டேன், ஊர் வாசிக்கும். உங்கள் பக்கம் நியாயம் இருந்தது. அம்மாவின் பக்கமும் இருந்தது. எனக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. கணக்கை எனக்குத் தந்துவிட்டு, அதைப் பற்றிப் பேச ஒரு ஆளையும் விடாமல் போய்விட்டீர்கள்.

பூச்சியத்திலிருந்து எண்ணினால் இருபதாவது ஃபெர்மா எண் முதன்மை எண் அல்ல என்று நிரூபித்துவிட்டார்கள். ஆனால் அதன் காரணி ஒன்றுகூட இன்னும் அகப்படவில்லை. அதை வாசித்த இரவு உங்களைத்தான் தேடினேன். நீங்கள் போன் எடுக்கவில்லை.

பிள்ளைகளுக்கு 641ஐ நான் சொல்ல மாட்டேன். 193இல் தொடங்கி அவர்களே வரட்டும். வீட்டை விற்கப் போவதென்றால் அவர்களின் பரீட்சை முடியும்வரை பொறுங்கள். திறப்பு மாமியிடம் இருக்கிறது.

உங்கள் தம்பி